நினைவகத்தின் விலை: வீடியோ விளையாட்டுப் பொறிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டுப் பொறிகளின் வரலாறு பெரும்பாலும் செயலிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 8 பிற், 16 பிற், 64 பிற் என விற்பனை விளம்பரங்கள் வகுத்துத் தந்த தலைமுறைப் பாகுபாட்டையே பின்னர் வரலாறு எழுதியோரும் பெருமளவுக்கு ஏற்றுக்கொண்டனர். செயலியின் வலிமை எளிதில் எண்ணாகச் சொல்லத்தக்கது. எண்ணாகச் சொல்லத்தக்கது எளிதில் விற்கவும் தக்கது. ஆயினும் ஒரு பொறியில் எவ்வகை விளையாட்டுத் தோன்ற முடிந்தது, எது அங்கிருந்து வேறு பொறிக்குக் குடிபெயர்ந்தது, ஒரே விளையாட்டு இரு பொறிகளில் ஏன் இரு வேறு விளையாட்டுகளாயிற்று என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, செயலியினும் நினைவகமே முன்வந்து நிற்பதைக் காணலாம். நினைவகம் விலை மிக்க பண்டம். உற்பத்தியாளர் அதிற் சிக்கனம் செய்த வேளைகளிலெல்லாம் அச்சிக்கனத்தின் விலையை எவரோ ஒருவர் செலுத்தியுள்ளனர். செய்நிரலாளர் தம் உழைப்பாகச் செலுத்தினர். விளையாடுவோர் தம் காத்திருப்பாகச் செலுத்தினர். ஓரிரு வேளைகளில் உற்பத்தியாளரே சந்தையை இழந்து செலுத்தினர்.

நினைவகத்தின் அளவு, வேகம் என்னும் இரண்டும் பொதுவாக ஒருங்கே பேசப்படினும் அவை வெவ்வேறானவை. வேகம் என்பதும் உண்மையில் ஒன்றன்று, இரண்டு. நூலகமொன்றில் மேசையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மேசையில் எத்தனை நூல்களை ஒரே வேளையில் விரித்து வைக்கலாம் என்பது அளவு. கேட்ட நூல் கைக்கு வரும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தாமதம். ஒரு நடையில் எத்தனை நூல்களைக் கொண்டுவர முடியும் என்பது பட்டையகலம். பெரிய மேசை இருந்தும் நூல்கள் மெல்ல வருமாயின் வேலை நடவாது. நூல்கள் விரைந்து வந்தும் மேசை சிறிதாயின், ஒன்றை எடுத்து வைத்த பின்னரே மற்றொன்றை விரிக்க முடியும். அலுவலகக் கணினி ஒன்று இத்தடங்கலைப் பொறுத்துக்கொள்ளும். விளையாட்டுப் பொறியோ செக்கனுக்கு 60 தடவை திரையைப் புதிதாக வரைய வேண்டியது. ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. அதற்குள் வந்து சேராத தரவு வராத தரவுதான்.

திரான்சிற்றர் ஒன்றும் கொள்ளளவி ஒன்றும் கொண்டு ஒரு பிற்றைச் சேமிக்கும் முறைக்கு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபேட் டெனாட் 1968இல் ஆக்கவுரிமை பெற்றார். 1970இல் இன்ரெல் நிறுவனம் 1103 என்னும் சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 1024 பிற்றுகள், அதாவது 128 பைற்றுகள். ஏழாண்டுகளின் பின்னர், 1977இல், அட்டாரி நிறுவனம் வெளியிட்ட வீட்டு விளையாட்டுப் பொறியில் இருந்த பணி நினைவகமும் சரியாக 128 பைற்றுகளே. பிற்காலத்தில் அட்டாரி 2600 எனப் பெயர்பெற்ற பொறி இதுவே. இன்றைய முறைப்படி தமிழெழுத்துகளைச் சேமிப்பதாயின் இவ்வொரு வாக்கியத்தை வைப்பதற்கும் அவ்விடம் போதாது.

இதன் பொருளை விளங்கிக்கொள்ளச் சிறு கணக்கொன்று உதவும். அப்பொறியின் திரை கிடையாக 160 புள்ளிகளும் நிலைக்குத்தாக 192 வரிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பு அல்லது வெள்ளை என்று ஒரேயொரு பிற்றை ஒதுக்கினாலும் 30,720 பிற்றுகள், அதாவது 3,840 பைற்றுகள் வேண்டும். இது அங்கிருந்த நினைவகத்தின் 30 மடங்கு. எனவே படத்தை நினைவகத்தில் வரைந்து வைத்துப் பின் திரைக்கு அனுப்புதல் என்னும் வழமையான முறை அங்கு இயலாததாயிற்று. அட்டாரியின் வரைகலைச் சில்லு ஒரேயொரு வரிக்கான விபரங்களை மட்டுமே தன்னகத்தே வைத்திருந்தது. தொலைக்காட்சிக் குழாயின் இலத்திரன் கற்றை அந்த வரியைக் கடந்து செல்லும் முன்னர், அடுத்த வரியில் என்ன தோன்ற வேண்டும் என்பதைச் செய்நிரல் எழுதி முடித்தாக வேண்டும். வரியொன்றுக்குச் செயலிக்குக் கிடைத்தவை 76 சுற்றுகள். ஓர் எளிய கட்டளைக்கே இரண்டு முதல் ஐந்து சுற்றுகள் செலவாகும். கற்றை திரையின் அடியிலிருந்து மேலே திரும்பும் சிறு இடைவெளியிலேதான் புள்ளிக் கணக்கு, மோதல், ஆட்டக்காரனின் நகர்வு என்பனவற்றைக் கணிக்க முடிந்தது. நினைவகம் இல்லாத இடத்தில் நேரமே நினைவகமாகப் பயன்பட்டது எனலாம்.

அச்சில்லு நேரடியாகக் காட்டவல்ல நகரும் உருவங்கள் மிகச் சில. அவற்றுள் ஆட்டக்காரருக்கென அமைந்தவை இரண்டே. 1982இல் பக்-மான் என்னும் விளையாட்டு இப்பொறிக்கு ஆக்கப்பட்டபோது பக்-மானுக்கு ஓர் உருவம் போக, நான்கு பேய்களுக்கும் எஞ்சியது மற்றையதொன்றே. ஆகவே பேய்கள் முறைவைத்துத் தோன்றின. நான்கு படங்களுக்கு ஒரு தடவையே ஒவ்வொரு பேயும் வரையப்பட்டது. திரையில் அவை மினுங்கி மினுங்கித் தெரிந்தன. விளையாடியோர் இதனைப் பெருங்குறையாகக் கண்டனர். விளையாட்டு முழுவதும் 4 கிலோபைற்று கொண்ட காட்ரிஜ் ஒன்றினுள் அடங்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கு கருத்திற்கொள்ளல் தகும்.

அதே ஆண்டில், அதே 4 கிலோபைற்று எல்லைக்குள், டேவிட் கிரேன் ஆக்கிய பிற்ஃபோல் என்னும் விளையாட்டில் 255 வெவ்வேறு காட்டுக் காட்சிகள் இடம்பெற்றன. அவற்றை அவர் நினைவகத்தில் வைக்கவில்லை. ஒரு பைற்றை எடுத்து, அதன் பிற்றுகளைக் குறித்த விதியொன்றின்படி நகர்த்தினால் அடுத்த எண் பிறக்கும். அவ்வாறு 255 எண்களும் ஒரு சுற்றில் வந்து முடியும். அந்த எண்ணின் பிற்றுகளே எங்கு மரம், எங்கு குழி, எங்கு முதலை என்பதைத் தீர்மானித்தன. விதியைப் பின்னோக்கியும் இயக்க முடிந்தமையால் ஆட்டக்காரன் இடப்புறமாகத் திரும்பி நடந்தாலும் முன்னர் கண்ட காடே மீண்டும் வந்தது. சேமிக்கப்பட வேண்டிய உலகம் ஒன்றைக் கணிக்கப்படும் உலகமாக மாற்றிய திறன் வியக்கத்தக்கதே. ஆனால் இத்தகைய சாதனைகளைக் காட்டி, வறுமையே கலையை வளர்த்தது என்று கூறுவோர் அக்காலத்தில் வந்த ஏனைய விளையாட்டுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பிற்ஃபோலுக்கு எதிராக மினுங்கும் திரைகள் பல இருந்தன.

யப்பானில் 1983 யூலையில் நின்டென்டோ வெளியிட்ட ஃபமிகொம் இப்பிரச்சினைக்கு வேறொரு தீர்வைக் கண்டது. அதன் பணி நினைவகம் 2 கிலோபைற்று. படத்துக்கான நினைவகமும் 2 கிலோபைற்று. திரையைப் புள்ளி புள்ளியாக வைக்காமல், 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளைப் பதித்த தரைபோல அது வைத்தது. எந்த இடத்தில் எந்த ஓடு என்பதை மட்டும் நினைவிற்கொண்டாற் போதும். ஓடுகளின் வடிவங்கள் காட்ரிஜ்ஜில் இருந்தன. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிறதேர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்றே. அதில் வானத்தில் மிதக்கும் முகிலும் தரையில் நிற்கும் பற்றையும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. கோடிக்கணக்கானோர் விளையாடியும் பலர் இதனைக் கவனித்ததில்லை. சிக்கனம் கண்ணுக்குப் புலப்படாமற் போவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது.

ஃபமிகொம்மின் ஏற்பாட்டில் இன்னொரு முக்கிய விளைவும் இருந்தது. பொறியில் இல்லாத நினைவகத்தைக் காட்ரிஜ்ஜே சுமந்து வந்தது. காலப்போக்கில் காட்ரிஜ்களுள் கூடிய வாசிப்பு நினைவகமும், அதனைப் பகுதி பகுதியாகச் செயலிக்குக் காட்டும் துணைச் சில்லுகளும், ஆட்டத்தின் நிலையைப் பேணும் மின்கலங்களும் இடம்பெற்றன. இவ்வாறு பொறியின் விலை தாழ்ந்தே இருக்க, நினைவகத்தின் செலவு ஒவ்வொரு விளையாட்டின் விலையிலும் ஏறியது. சில்லுச் சந்தையின் ஏற்ற இறக்கங்களும் கூடவே வந்தன. 1986இல் அமெரிக்காவும் யப்பானும் குறைகடத்தி வணிகம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. அதுவும் ஒரு காரணமாக அடுத்த ஈராண்டுகளில் நினைவகச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1988இல் நின்டென்டோவின் சில விளையாட்டுகள் அமெரிக்கக் கடைகளுக்குப் பிந்தியும் குறைந்த தொகையிலும் வந்து சேர்ந்தன. சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று வல்லரசுகளின் வணிகப் பிணக்கோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தது என்பது இதனாற் புலனாகும். 1990இல் வந்த சூப்பர் ஃபமிகொம்மின் பணி நினைவகம் 128 கிலோபைற்று, அதாவது பதின்மூன்று ஆண்டுகளில் அட்டாரியின் 1,024 மடங்கு. அக்காலப் பொறிகளைப் பற்றி இதற்கு மேல் இங்கு விரித்தல் வேண்டியதில்லை.

நினைவகம் பற்றிய ஒரு முடிவு ஒரு நிறுவனத்தின் தலைவிதியையே மாற்றியதற்குத் தெளிவான சான்று 1994ஆம் ஆண்டுக்கும் 1997ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலமாகும். 1994 டிசெம்பரில் சோனி நிறுவனம் யப்பானில் பிளேஸ்டேசனை வெளியிட்டது. அதன் முதன்மை நினைவகம் 2 மெகாபைற்று. படத்துக்கு 1 மெகாபைற்று. ஒலிக்கு அரை மெகாபைற்று. விளையாட்டுகள் இறுவட்டில் வந்தன. இறுவட்டொன்று ஏறத்தாழ 650 மெகாபைற்று கொள்ளும். உற்பத்திச் செலவோ மிகச் சிறிது. ஆனால் அதிலிருந்து தரவு வந்த வேகம் செக்கனுக்கு 300 கிலோபைற்று. முதன்மை நினைவகத்தை ஒரு தடவை நிரப்புவதற்கு ஏழு செக்கன்கள் வரை கழியும். வட்டில் உரிய இடத்தைத் தேடும் நேரம் வேறு. 1996இல் வந்த றெசிடென்ற் ஈவில் என்னும் திகில் விளையாட்டில், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும்போது, இருளில் ஒரு கதவு மெல்ல மெல்லத் திறப்பது காட்டப்பட்டது. அடுத்த அறையை வட்டிலிருந்து எடுப்பதற்கான அவகாசம் அது. காத்திருப்பே அச்சமாக மாற்றப்பட்டது. இக்குறையை இவ்வளவு நயமாக மறைக்க எல்லோராலும் இயலவில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் ஆட்டக்காரர் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இதற்கு எதிர்நிலையில் நின்றது 1996 யூனில் யப்பானில் வெளிவந்த நின்டென்டோ 64. அதன் செயலி 93.75 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. பிளேஸ்டேசனின் செயலியோ ஏறத்தாழ 34 மெகாஹேட்ஸ் மட்டுமே. நினைவகமும் 4 மெகாபைற்று. செயலியும் வரைகலைப் பகுதியும் அதனைப் பொதுவாகப் பயன்படுத்தின. பட்டையகலம் செக்கனுக்கு 500 மெகாபைற்றுக்கும் மேல். எண்களை மட்டும் நோக்குவார்க்கு எவ்வகையிலும் மேலான பொறி இதுவே. ஆயினும் இரு இடங்களில் அது இடறியது. முதலாவது, ராம்பஸ் நிறுவனத்தின் அந்நினைவகம் தொடர்ச்சியாகத் தரவை அள்ளித் தருவதில் வல்லதாயினும், புதிய இடமொன்றிலிருந்து முதற் சொல்லைத் தருவதற்கு நெடுநேரம் எடுத்தது; அவ்வேளையில் செயலி பல பத்துச் சுற்றுகள் வெறுமனே நின்றது. இரண்டாவது, பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களுக்கென வரைகலைச் சில்லினுள் வைக்கப்பட்ட இடம் 4 கிலோபைற்று மட்டுமே. புள்ளிக்கு 16 பிற் என்று கொண்டால் 64க்கு 32 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு படத்துடன் அது நிறைந்துவிடும். அதனையே இழுத்துப் பெரிய சுவரொன்றின்மீது விரிக்க வேண்டியிருந்தது. நின்டென்டோ 64இன் காட்சிகள் பனிமூட்டத்தினூடே பார்ப்பதுபோல மங்கித் தோன்றியமைக்கு இதுவே தலையாய காரணம்.

இவற்றினும் பாரதூரமானது, நின்டென்டோ இறுவட்டை விடுத்துக் காட்ரிஜ்ஜிலேயே நிலைத்து நின்றமை. இம்முடிவைப் பிடிவாதம் என்று பலர் எளிதில் தள்ளிவிடுகின்றனர். அது முற்றிலும் நியாயமன்று. காட்ரிஜ் என்பது தானே ஒரு நினைவகம். அதனைச் செயலி காத்திருப்பின்றி அணுகலாம். முதல் விளையாட்டுகளுள் ஒன்றான சூப்பர் மாரியோ 64 ஏழு செக்கன் இடைவெளிகளால் துண்டாடப்பட்டிருக்குமாயின் அதன் இன்பம் பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் அவ்விளையாட்டின் காட்ரிஜ் 8 மெகாபைற்றே. இறுவட்டு அதன் எண்பது மடங்கு கொண்டது. காட்ரிஜ் உற்பத்திக்குச் செலவும் கூட; முன்கூட்டியே கட்டளையிட வேண்டும்; விற்காத சரக்கு வெளியீட்டாளரின் தலையிலேயே விழும். ஃபமிகொம் காலந்தொட்டு நின்டென்டோவுடன் உறவு கொண்டிருந்த ஸ்குவெயர் நிறுவனம் தன் ஃபைனல் ஃபான்ரசி VII விளையாட்டைப் பிளேஸ்டேசனுக்கு ஆக்கி, 1997 ஜனவரியில் மூன்று இறுவட்டுகளில் வெளியிட்டது. வேறு பலரும் அவ்வழியே சென்றனர். பிளேஸ்டேசன் 100 மில்லியனுக்கு மேல் விற்பனையாயிற்று. நின்டென்டோ 64 ஏறத்தாழ 33 மில்லியன். வேகம் குறைந்த செயலியும் மெல்லச் சுழலும் வட்டும் கொண்ட பொறி வென்றது. பெரிதும் மலிவும் ஆன சேமிப்பு, சிறிதும் விரைவும் ஆன சேமிப்பைத் தோற்கடித்தது என்பதே இதன் பொருள்.

நினைவகக் குறை காட்சியின் அழகை மட்டுமன்றி ஆட்ட விதிகளையே மாற்றக்கூடும் என்பதற்கு அதே காலத்தைச் சேர்ந்த ஒரு சண்டை விளையாட்டு சான்று. கப்கொம் நிறுவனத்தின் எக்ஸ்-மென் வேர்சஸ் ஸ்ரீற் ஃபைற்றர் என்னும் விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் இரு வீரர்களைத் தெரிந்து, சண்டையின் நடுவே ஒருவரை விலக்கி மற்றவரை இறக்கலாம். அவ்விளையாட்டின் உயிரே அதுதான். இதற்கு நால்வரின் அசைவுப் படங்களும் ஒரே வேளையில் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். சேகா நிறுவனத்தின் சற்றேர்ன் பொறிக்கு 1997இல் யப்பானில் வெளியானபோது, 4 மெகாபைற்று மேலதிக நினைவகம் கொண்ட காட்ரிஜ் ஒன்று அதனுடன் பயன்பட்டது. ஆட்டம் குறைவின்றி நடந்தது. 1998இல் வந்த பிளேஸ்டேசன் பதிப்பில் வீரரை மாற்றும் வழக்கமான முறை நீக்கப்பட்டது. பெயர் ஒன்று, விளையாட்டு வேறு. நின்டென்டோவும் 1998இல் 4 மெகாபைற்று மேலதிக நினைவகத்தைத் தனியே விற்றது. 2000இல் வந்த மயோராஸ் மாஸ்க் அஃதின்றி இயங்காது. எனினும் எல்லோரிடமும் இல்லாத நினைவகத்தை நம்பி விளையாட்டு ஆக்க முன்வந்தோர் மிகச் சிலரே.

வில்லியம் வுல்ஃப், சாலி மக்கீ என்னும் ஆய்வாளர் இருவர் 1995இல் நினைவகச் சுவர் என்னும் கருத்தை முன்வைத்தனர். செயலிகளின் வேகம் வளரும் வீதத்துக்கு நினைவகத்தின் வேகம் ஈடுகொடாது. ஒருநாள் செயலியின் வலிமை பயனற்றுச் சுவரில் மோதும் என்பது அதன் சாரம். பின்வந்த பொறிகள் யாவும் அச்சுவரைச் சுற்றிச் செல்லும் முயற்சிகளே. 2000இல் வந்த பிளேஸ்டேசன் 2, வரைகலைச் சில்லினுள்ளேயே 4 மெகாபைற்று நினைவகத்தைப் பதித்து, செக்கனுக்கு 48 கிகாபைற்று என்னும் பெருவேகத்தைப் பெற்றது.

2005இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் 360உம் 2006இல் வந்த பிளேஸ்டேசன் 3உம் மொத்த நினைவகத்தில் ஒத்தவை. இரண்டிலும் 512 மெகாபைற்றே. முன்னையது 256 மெகாபைற்றுடன் வரவிருந்தது; எப்பிக் நிறுவனத்தார் தம் விளையாட்டின் காட்சிகளைக் காட்டி வற்புறுத்தியதும் அதனை இரட்டிப்பாக்கத் துணைசெய்தது. ஆனால் ஒப்புமை தொகையோடு முடிந்தது. எக்ஸ்பொக்ஸில் அது ஒரே களஞ்சியம். வேண்டியதற்கு வேண்டிய அளவு எடுக்கலாம். பிளேஸ்டேசன் 3இல் 256 செயலிக்கு, 256 வரைகலைக்கு எனப் பாகப்பிரிவினை செய்யப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் மிச்சம் இருந்தாலும் மறுபக்கத்தின் பற்றாக்குறைக்கு அஃது எளிதில் உதவாது. 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிம் என்னும் விரிந்த விளையாட்டை பிளேஸ்டேசன் 3இல் ஆடியோர், நாள் செல்லச் செல்ல ஆட்டம் தடுமாறுவதைக் கண்டனர். ஆட்டக்காரன் தொட்டு நகர்த்திய பொருள்கள் யாவற்றையும் அவ்வுலகம் நினைவிற்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் ஆட்டப் பதிவு பெருத்துக்கொண்டே சென்றது. அதே மென்பொருள் இயந்திரத்தைக் கொண்டு முன்னர் வேறொரு விளையாட்டை ஆக்கியவர்களுள் ஒருவர், பிரிக்கப்பட்ட நினைவகமே இத்தகைய தொல்லைக்குக் காரணம் என விளக்கினார். அதிகம் விளையாடியவரே அதிகம் துன்புற்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

சோனி இப்பாடத்தை நன்கு கற்றது. 2013 பெப்ரவரியில் பிளேஸ்டேசன் 4ஐ அறிவித்தபோது, செக்கனுக்கு 176 கிகாபைற்று வேகமுடைய 8 கிகாபைற்று நினைவகம் ஒரே களஞ்சியமாக அமையும் என்றது. முந்தியதன் பதினாறு மடங்கு. மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் ஒன் அதே 8 கிகாபைற்றை மலிவான வகையில் தெரிந்தது. அதன் வேகம் 68 கிகாபைற்று. குறையை நிரப்புதற்குச் சில்லினுள் 32 மெகாபைற்று விரைவு நினைவகம் வைக்கப்பட்டது. 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைற்று வீதம் ஒரு படலத்துக்கு 8.3 மெகாபைற்று. அக்கால விளையாட்டுகள் ஒளியைக் கணிப்பதற்கு இத்தகைய படலங்கள் பலவற்றை ஒருங்கே வைத்திருந்தன. ஐந்து படலங்கள் என்றாலே 41 மெகாபைற்று, 32இல் அடங்காது. அத்துடன் அவ்விரைவு நினைவகம் சில்லின் பரப்பிற் பெரும்பங்கைக் கவர்ந்தமையால் வரைகலைக் கூறுகளுக்கு இடம் குறைந்தது. 2013 நவம்பரில் கோல் ஒஃப் டியூட்டி: கோஸ்ற்ஸ் விளையாட்டு பிளேஸ்டேசன் 4இல் 1080 வரிகளிலும் எக்ஸ்பொக்ஸ் ஒன்னில் 720 வரிகளிலும் வெளிவந்தது. 8 கிகாபைற்று என்னும் எண் இரு பொறிகளுக்கும் ஒன்றாகவே இருந்தது.

2020இல் வந்த பிளேஸ்டேசன் 5இன் நினைவகம் 16 கிகாபைற்று, அதாவது இரண்டு மடங்கே. நினைவகத்தின் விலை முன்போல விரைந்து வீழாத நிலையில், அளவைப் பெருக்குவதை விடுத்து, அதனை விரைந்து நிரப்பும் வழி நாடப்பட்டது. வன்தட்டு செக்கனுக்கு 50 முதல் 100 மெகாபைற்று தந்த இடத்தில், புதிய திண்மநிலைச் சேமிப்பகம் 5.5 கிகாபைற்று தந்தது. 2018இல் வந்த ஸ்பைடர்-மான் விளையாட்டில், வன்தட்டின் ஊசி அலைந்து திரிவதைத் தவிர்க்கும் பொருட்டு, நகரின் சில பொருள்களின் தரவு ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான தடவை பிரதிசெய்யப்பட்டிருந்தது. புதிய பொறியில் அதற்குத் தேவை இல்லாமற் போயிற்று.

அதே 2020இல் மைக்ரோசொப்ட் இரு பொறிகளை வெளியிட்டது. சீரிஸ் எக்ஸ் 16 கிகாபைற்றுடனும், விலை குறைந்த சீரிஸ் எஸ் 10 கிகாபைற்றுடனும் வந்தன. பின்னையதில் 8 கிகாபைற்று செக்கனுக்கு 224 கிகாபைற்று வேகத்திலும், எஞ்சிய 2 கிகாபைற்று 56 கிகாபைற்று வேகத்திலும் இயங்கும். இரு பொறிகளிலும் ஒரு விளையாட்டு ஒரே அம்சங்களுடன் வெளிவர வேண்டும் என்பது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. 2023 ஓகஸ்டில் கணினியில் வெளியான பல்டேர்ஸ் கேற் 3 விளையாட்டை லாரியன் நிறுவனத்தார் எக்ஸ்பொக்ஸுக்குக் கொண்டுவர முயன்றபோது, திரையை இரண்டாகப் பகுத்து இருவர் ஒரே அறையில் அமர்ந்து விளையாடும் முறை சீரிஸ் எஸ்ஸின் நினைவகத்துள் அடங்க மறுத்தது. இருவரும் வெவ்வேறு திசையிற் சென்றால் இரு உலகங்களை ஒருங்கே வைத்திருக்க வேண்டும். இதனால் எக்ஸ்பொக்ஸ் பதிப்பே பிந்தியது. மைக்ரோசொப்ட் விதியைத் தளர்த்திய பின்னர், 2023 டிசெம்பரில், சீரிஸ் எஸ்ஸில் அம்முறை இன்றியே விளையாட்டு வெளிவந்தது. மலிவான பொறியை வாங்கியோருக்கு அது கிடைத்தது 2025 ஏப்பிரலில். பொறியில் ஒரு பைற்றேனும் கூடவில்லை, செய்நிரல் மட்டுமே பதினாறு மாதங்களாகத் திருத்தப்பட்டிருந்தது.